சகலை வீட்டுப் பால்

ஆவூர்
10 ஏப்ரல் 2025

அன்புள்ள பெரியநாயகி அக்காவுக்கு,

மரியே வாழ்க. தம்பி செபமாலை எழுதுகிறேன். முதலில் பாவசங்கீர்த்தனம், பிறகு நலம் விசாரிப்பு.

நேற்றுக் காலை நான் மாட்டுத் தீவனம் தின்றேன். ஒரு வாய் அல்ல, இரண்டு வாய். அதுவும் நம் வீட்டுத் தீவனம் இல்லை. சகலை மைக்கேல்சாமி வீட்டுக் கொட்டகையில், மூட்டைக்குள் கைவிட்டு அள்ளியது. அதில் அவன் என்னதான் கலக்கிறான் என்று நாக்கால் கண்டுபிடித்துவிடலாம் என்பது என் திட்டம். உப்புக் கரித்தது. அதற்கு மேல் கண்டுபிடிப்பதற்குள் ஷீபா வந்துவிட்டாள். செல்வியின் தங்கைதானே, அக்காளைப் போலவே சத்தமில்லாமல் நடப்பவள்.

"என்ன மச்சான், பசிக்குதா? இங்கிட்டு வந்து உக்காருங்க, உப்புமா கிண்டுறேன்" என்றாள்.

வாயைத் திறந்தால் தவிடு பறக்கும் என்பதால் தலையை மட்டும் ஆட்டினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உப்புமா கிண்டினாள். அதையும் தின்றேன். ஐம்பத்தோரு வயதில் ஒருவன் இதற்கு மேல் இறங்க முடியாது.

காரணம் உனக்குத் தெரியாததல்ல. ஒற்றை மாடு வைத்திருக்கும் வீடுகளில் அதிகம் பால் ஊற்றுபவருக்கு எங்கள் பால் சங்கம் ஆண்டுதோறும் அக்டோபர் இரண்டாம் தேதிக் கூட்டத்தில் ஒரு எவர்சில்வர் கேனும் பொன்னாடையும் தருகிறது. போன வருடம் சகலை வாங்கினான். வாங்கியவன் கேனை அடுப்படியில் வைக்க வேண்டியதுதானே. வாசல் சுவர்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறான். காலை வெயில் அதில் பட்டு நேராக என் கண்ணில் அடிக்கிறது.

நம் புஷ்பமும் அவன் டயானாவும் ஒரே ஜாதி ஜெர்சிக் கலப்பு. ஒரே மாதம் கன்று போட்டவை. சங்கத்துக்குக் காலைப் பால் மட்டும்தான் ஊற்றுகிறோம். எனக்கு ஏழு லிட்டர். அவனுக்கு எட்டு. தினமும் எட்டு. நோட்டில் அந்த எட்டைப் பார்த்தால் எனக்குச் சர்க்கரை ஏறுகிறது.

நீ இருபது வருடமாக மடத்து மாட்டுக்கொட்டகையைப் பார்ப்பவள். கதவே திறக்காத மடம், செல்போனும் கிடையாது என்பதால் கடிதம். என்ன தீனி போடட்டும், சொல். மதர் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்றால், தீவனம் தின்ற இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்.

என் முழங்கால் வலி அப்படியே. செல்வி சௌக்கியம். நாலரைக்கே எழுந்து கறக்கப் போய்விடுகிறாள், அப்படி ஒரு பொறுப்பு. உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது?

உன் தம்பி,
செபமாலை


கொடைக்கானல் மலை
25 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

கர்த்தர் உன்னையும் செல்வியையும் காப்பாராக. மூச்சிரைப்பு மழைக்கு மட்டும்தான். மதர் உன் கடிதத்தை முழுவதும் படித்தார்கள். தீவனம் தின்ற இடத்தை இரண்டு முறை.

புஷ்பத்தின் எடைக்கு நாளைக்குப் பதினைந்து இருபது கிலோ பசும்புல், ஐந்தாறு கிலோ வைக்கோல். கலப்புத் தீவனம் உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, பிறகு ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. தாது உப்புக் கலவை ஐம்பது கிராம். தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். இதில் ரகசியம் எதுவும் இல்லை.

மூன்று கேள்விகள். சகலை வீட்டுத் தீவனத்தைத் தின்றாயே, உன் வீட்டுத் தீவனத்தைத் தின்று பார்த்தாயா? சாயங்காலம் இரண்டு மாடும் எவ்வளவு கறக்கின்றன? காலையில் நீ கறப்பதே இல்லையா?

ஜெபத்துடன்,
அக்கா


ஆவூர்
20 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மலையில் நீ போர்வைக்குள் இருப்பாய். அதிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், எழுதி வைக்கிறேன்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். என் வீட்டுத் தீவனத்தை நான் ஏன் தின்ன வேண்டும்? அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே. சாயங்காலம் புஷ்பம் ஆறு, டயானா நாலு. சாயங்காலம் நான் பக்கத்தில் நிற்பேன், அந்த மரியாதைக்குப் புஷ்பம் இறக்கிவிடுகிறாள். காலையில் நான் கறப்பதில்லை. 2019-இல் உதைத்தாளே, அந்தப் பல் இருந்த இடம் இன்னும் காலி.

நீ சொன்ன கணக்கு எனக்குச் சப்பென்று பட்டது. சகலையை ஜெயிக்க வேண்டுமென்றால் அவன் போடுவதற்கு மேலே போட வேண்டாமா? நானே ஒரு கூட்டுத் தயாரித்தேன். கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோள மாவு, தவிடு, துவரைப் பொட்டு, நாட்டு வெல்லம். ஒரு கை பெருங்காயமும் போட்டேன். செல்வி மோந்து பார்த்துவிட்டு, "மாட்டுக்கா, மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளுக்கா?" என்றாள்.

கொட்டகை ஆணியில் ஒரு மூன்று லிட்டர் தூக்குவாளி தொங்குகிறது. அதில்தான் அளந்து போடுகிறேன். என்ன மாயமோ, காலையில் எடுக்கும்போதெல்லாம் அது ஈரமாக இருக்கிறது. மாவு உள்ளேயும் வெளியேயும் அப்பிக்கொண்டு, வாளியே வடை சுட்ட மாதிரி ஆகிவிட்டது. செல்வியிடம் சொன்னால், "கழுவி மாட்டுறேன், ஈரமா இல்லாம பின்ன எப்புடி இருக்கும்" என்கிறாள்.

பலனைக் கேள். மூன்று வாரம் கழித்து புஷ்பம் அதே ஏழு. டயானா எட்டிலிருந்து ஒன்பது. அக்கா, நான் என் மாட்டுக்குத் தீனி போட்டால் அவன் மாடு கறக்கிறது. இதற்கு ஏதாவது ஜெபம் இருக்கிறதா?

தம்பி,
செபமாலை


கொடைக்கானல் மலை
3 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

சமாதானம் உண்டாவதாக. வெல்லத்தையும் பெருங்காயத்தையும் உடனே நிறுத்து. தீவனத்தை மாற்றுவதானால் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். மாட்டின் வயிற்றுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் புல்லைச் செரிக்கின்றன. திடீரென்று மாற்றினால் அவை செத்துப்போகும். புஷ்பம் உன்னோடு போட்டிக்கு நிற்கவில்லை, பசிக்கு நிற்கிறாள்.

அந்தத் தூக்குவாளியைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு வேறு ஒரு படி வாங்கிக்கொள்.

செல்வி என்னைக் கேட்டாளா? அவள் கையால் இரண்டு வரி பார்த்து நாளாகிறது.

அக்கா


ஆவூர்
17 ஜூன் 2025

அக்கா,

நலம் கேட்க மனம் இல்லை. புஷ்பம் படுத்துவிட்டாள்.

பதின்மூன்றாம் தேதி அந்தோணியார் திருநாளுக்கு அவர் கெபி முன்னால் பொங்கலும் சாப்பாடும் நடந்தது. மூன்று மணிக்குப் பார்த்தால் ஒரு அண்டா சோறு மிச்சம். மைக்கேல்சாமி வாளியோடு வந்துகொண்டிருந்தான். டயானாவுக்குத்தான். அதைப் பார்த்ததும் எனக்குக் கால்வலி எங்கே போனதென்று தெரியவில்லை. ஓடிப்போய் அண்டாவையே டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அவனுக்கு ஒரு கரண்டி வைக்கவில்லை.

முழுவதையும் புஷ்பத்துக்குப் போட்டேன். ஆசையாகத் தின்றாள். மறுநாள் அசை போடவில்லை. பல்லைக் கடிக்கிறாள். சாணி தண்ணீராக, புளித்த வாடையோடு. வயிறு மத்தளம். கால்நடை டாக்டர் அன்புமொழி விராலிமலையிலிருந்து வந்து, சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, "யாருங்க இவ்வளவு சோறு போட்டது?" என்று கேட்டார். நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி என்னைப் பார்த்தாள். டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு என்னிடமே மருந்துச் சீட்டைக் கொடுத்தார்.

பால் இரண்டு லிட்டர். ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். அதே நாள் டயானாவும் ஆறுக்கு இறங்கிவிட்டாள். சோறு தின்னாமலே இறங்கிவிட்டாள். என் மாடு சாகக் கிடக்கும்போது நோட்டில் அந்த ஆறைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். ஷீபா செல்வியிடம் சொல்லி, செல்வி தூக்கத்தில் உளறுவது போல் என்னிடம் சொன்னாள். இந்த வருடமும் பரிசு வராவிட்டால் டயானாவை மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டிவிடுவதாகச் சகலை சத்தியம் செய்திருக்கிறானாம். தாய் செத்துப்போன கன்றாக இருந்த டயானாவைப் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தவள் ஷீபா. அவள் அழுகிறாளாம். நான் "அப்படியா" என்றேன். ஓட்டட்டும் என்றுதான் நினைத்தேன்.

இன்று மத்தியானம் முழுக்கப் புஷ்பத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். உதைப்பாள் என்று பயந்து கிட்டவே போகாதவன் கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கிறேன். உதைத்தால்கூடத் தேவலை. ஜெபி.

செபமாலை


கொடைக்கானல் மலை
21 ஜூன் 2025

தம்பி,

இங்கே எல்லாரும் புஷ்பத்துக்காக ஜெபிக்கிறோம். பத்து நாளைக்கு வைக்கோலும் புல்லும் தண்ணீரும் மட்டும். டாக்டர் சொல்லும்வரை ஒரு பிடி மாவுகூட வேண்டாம். சோறு, கஞ்சி இனி உன் கொட்டகைப் பக்கமே வரக் கூடாது. அசை போட ஆரம்பித்தால் பிழைத்தாள் என்று அர்த்தம். ஆரம்பித்ததும் ஒரு கார்டு போடு.

டயானாவும் இறங்கினாள் என்றாயே. புஷ்பம் இறங்கிய அதே நாளா? நன்றாக யோசித்து எழுது.

அக்கா


ஆவூர்
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. கார்டு போடாததற்குக் காரணம் வெட்கம். உனக்கு எழுதிய இரண்டாம் நாளே புஷ்பம் அசை போட்டாள். அந்தத் தாடை அசைவதைப் பார்த்து நான் அழுதேன். செல்வி தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "என் பிரசவத்துக்குக்கூட இந்த மனுசன் அழுகல" என்றாள்.

இப்போது நீ சொன்ன கணக்குத்தான், எழுத்துக்கு எழுத்து. கிணற்றோரம் கோ-4 புல் போட்டிருக்கிறேன். ஆள் உயரம் நிற்கிறது. வேலிமசால் ஒரு பாத்தி. தாது உப்பு மறக்காமல். தோல் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்குகிறது. சகலை வேலியோரம் நின்று புல்லை வெகுநேரம் பார்த்தான். பார்க்கட்டும் என்று விட்டேன்.

பால் எட்டு வந்துவிட்டது அக்கா, எட்டு. அந்த எட்டை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு நெஞ்சை நிமிர்த்திப் போனேன். செயலாளர் சுடர்விழி நோட்டைத் திருப்பிக் காட்டினாள். மைக்கேல்சாமி ஒன்பது.

டயானா இறங்கியது அதே நாள்தான். ஏறியதும் புஷ்பத்தோடுதான். மாடுகளுக்குள் ஏதோ பேச்சு நடக்கிறது என்று நினைக்கிறேன்.

அடியில் செல்வி எழுதியிருக்கிறாள்.

செபமாலை

அக்காவுக்கு செல்வி எழுதுவது. நானும் மாடும் நலம். வேறு விசேசம் ஒன்றுமில்லை.


கொடைக்கானல் மலை
18 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பிக்கு,

புஷ்பம் தேறியதில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். மதர் ஒரு ஜெபமாலை கூடுதலாகச் சொன்னார்கள்.

செல்வியின் இரண்டு வரியும் கிடைத்தது. இரண்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது என்று அவளிடம் சொல். அவளை ஒன்றும் கேட்க வேண்டாம்.

ஒரு நாள் காலையில் நீயே கறந்து பார். புஷ்பத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவன், இப்போது பயப்பட மாட்டாய்.

அக்கா


ஆவூர்
6 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க, மரியே வாழ்க. உன் வாக்குப் பலித்தது.

அக்காளும் தங்கையும் இரண்டாம் தேதி வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போய்விட்டார்கள். திருவிழா முடிந்துதான் வருவார்கள். போகும்போது செல்வி என்னைவிடப் புஷ்பத்திடம்தான் அதிகம் சொல்லிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் நானே கறக்க உட்கார்ந்தேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், மதரிடம் சொல்லாதே. புஷ்பம் திரும்பிப் பார்த்தாள். உதைக்கவில்லை.

எவ்வளவு தெரியுமா? பதினொன்று. நாலு நாளும் பதினொன்று. சகலைக்கு நாலு நாளும் ஆறு.

என் கைராசி அக்கா. இத்தனை வருடம் இந்தக் கையைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். பாவம் செல்வி, அவள் கையில் அந்தச் சூட்சுமம் இல்லை. சகலை முகத்தைப் பார்க்க வேண்டுமே. சங்கத்து வாசலில் வைத்து, "ஷீபா இல்லாம மாடு ஏங்கிருச்சு சகலை" என்றான். "ஆமா, மாட்டுக்கும் மனசு இருக்குல்ல" என்று நான் தலையைத் தடவாத குறையாகச் சொன்னேன். கேன் எனக்குத்தான். எங்கே கவிழ்த்து வைப்பது என்று சுவரில் இடம்கூடப் பார்த்துவிட்டேன்.

ஒரே ஒரு அதிசயம். நாலு நாளாகத் தூக்குவாளி காய்ந்து கிடக்கிறது. மாவு ஒட்டவே இல்லை.

கைராசிக்காரன்,
செபமாலை


கொடைக்கானல் மலை
13 செப்டம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

கைராசிக்கு வாழ்த்து. செல்வி கால் கொப்புளத்தோடு வந்திருப்பாள், வெந்நீர் வைத்துக் கொடு.

பிறகு அந்தத் தூக்குவாளியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, அதில் என்ன பெயர் வெட்டியிருக்கிறது என்று வாசி. வாசித்ததும் யாரிடமும் எதுவும் பேசாமல் ஒரு நாள் பொறுத்திரு.

அக்கா


ஆவூர்
5 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. உன் மூச்சு எப்படி இருக்கிறது? என் மூச்சு இருபதாம் தேதி கொஞ்ச நேரம் நின்று பிறகு வந்தது.

கழுவினேன். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். மாவுக்குள்ளிருந்து எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. 'மைக்கேல்சாமி – ஷீபா திருமணம் 2006. அன்பளிப்பு: ஆ. செபமாலை.' புதுக்கோட்டை கீழராஜவீதியில் நான் வாங்கி, நான் நின்று பெயர் வெட்டிக் கொடுத்த வாளி.

அவர்கள் வீட்டு வாளி என் கொட்டகை ஆணியில் ஏன்? நீ பொறுக்கச் சொன்னபடி பொறுத்தேன். மறுநாள் விடிகாலை வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றேன். செல்வி கறந்து முடித்ததும் முதல் வேலையாக வாளியை நிரப்பினாள். ஷீபா பின்பக்கம் வந்து நின்றாள்.

"யக்கா, மச்சான் முழிச்சுக்கப் போறாரு."

"அவரு எங்கிட்டு முழிக்கிறாரு. மாடு முட்டினாத்தான் முழிப்பாரு."

"இன்னிக்குத் தளும்பத் தளும்ப இருக்கே."

"பத்து நாளைக்குத்தான்டி. கூட்டம் முடியட்டும். ஒன் வீட்டு ஆளு டயானாவைச் சந்தைக்கு ஓட்டாம இருந்தாச் சரி. வாளியைக் கழுவிக் கொண்டாந்து மாட்டிரு, எங்க வீட்டு விஞ்ஞானி தீவனம் அளக்கணும்."

நான் போரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துக் குறட்டை விட்டேன். நன்றாகவே விட்டேன். செல்வி வந்து போர்வையை இழுத்துவிட்டாள்.

ஆறு மாதமாக நான் வயிறெரிந்தது என் மாட்டுப் பாலைப் பார்த்துத்தான் அக்கா. நான் தீனி போட்டால் அவன் மாடு கறக்கிறது என்று எழுதினேனே, அதை மட்டும் சரியாக எழுதியிருக்கிறேன்.

கூட்டம் வரை என் கையில் பதினோரு நாள் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் கேன் எனக்கு. சொல்லிவிடத்தான் சகலை வீட்டுக்குப் போனேன், மறைக்கவில்லை. ஷீபா டயானாவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "மச்சான், உப்புமா கிண்டட்டுமா?" என்றாள். தீவனம் தின்றதை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு உப்புமா தின்றேன்.

இரண்டாம் தேதி பரிசு சகலைக்கு. கை தட்டினேன். பொன்னாடையை நானே போர்த்தினேன். போர்த்தும்போது காதில் சொல்கிறான்: "சகலை, யார்ட்டயும் சொல்லாதீங்க. போன மாசம் ஒங்க மூட்டையில ஒரு கை அள்ளி வாயில போட்டுப் பாத்தேன். ஒங்க மாடு அப்படி மினுங்குதே, என்னதான் வைக்கிறீகன்னு."

"எப்புடி இருந்துச்சு?"

"எங்க வீட்டுது மாதிரியேதான்."

"ரெண்டும் சங்கத்து மூட்டைதானே சகலை."

"அட, ஆமா." பிறகு டயானாவை யார் கேட்டாலும் இனிமேல் கொடுப்பதில்லை என்று மைக்கிலேயே சொன்னான். ஷீபா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். செல்வி என்னைப் பார்த்தாள். நான் பந்தல் காலைப் பார்த்தேன்.

பொறாமை என்னை விட்டு இறங்கிவிட்டது அக்கா. காலை வெயிலில் இப்போது இரண்டு கேன்கள் மின்னுகின்றன. என்னை ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் வீட்டில் பால் கூடினால் என்ன, நம் வீட்டில் கூடினால் என்ன. வாளியைத் துடைத்து அதே ஆணியில் மாட்டிவிட்டேன். செல்வியிடம் எதுவும் கேட்கவில்லை. மதரிடம் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கச் சொல்.

உன் தம்பி,
செபமாலை

பி.கு. கூட்டம் முடிந்தும் வாளி போய் வருவது நிற்கவில்லை. மாட்டுவதற்கு முன் வாளியின் அடியைச் சுத்தியலால் உள்பக்கமாகக் கொஞ்சம் தட்டினேன். இப்போது இரண்டரை லிட்டருக்கு மேல் பிடிக்காது. இன்று காலை சங்க நோட்டில் சகலைக்கு எட்டரை, எனக்கும் எட்டரை. சுத்தியல் இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது.